பாட்டியின் அப்பா கப்பலோடு போனார்: அவரை எங்கே தேடுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது. "எங்கள் பாட்டியின் அப்பாவுக்கு நாகப்பட்டினம் பக்கம். பி.ஐ. கப்பலில் வேலை பார்த்தாராம். இரண்டாம் உலகப் போரில் 'கப்பலோடு போய்விட்டார்' என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எதுவும் தெரியாது. பணம் ஏதும் வந்ததா என்றும் தெரியாது. கொள்ளுப்பாட்டி கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை, திதி கொடுக்கவும் விடவில்லை. அவர் லண்டனில் வேறு குடும்பத்தோடு இருந்தார் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. எங்களிடம் இருப்பது ஒரு போட்டோ, கல்கத்தா முத்திரை விழுந்த ஓர் அஞ்சலட்டை. இதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஆனால் ஆளைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டுக் கப்பலைத் தேடுங்கள். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முட்டி மோதுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தக் காலத்துக் காகிதங்களில் இந்திய மாலுமிக்குத் தனியாக ஓர் இடம் கிடையாது. ஏதோ ஒரு கப்பலின் ஆள் பட்டியலில் ஒரு வரியாக இருப்பார். கப்பலின் பெயர் கிடைத்துவிட்டால் அது புறப்பட்ட துறைமுகம், மூழ்கிய நாள், மூழ்கடித்தது யார், எத்தனை மணிக்கு, உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். கப்பலைப் பற்றி அவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அவர் கடற்படையா, வணிகக் கப்பலா? வீட்டில் இரண்டையும் சேர்த்து 'கப்பலுக்குப் போனவர்' என்றுதான் சொல்வார்கள். ஆவணங்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. போட்டோவில் தொப்பிப் பட்டையில் எச்.எம்.ஐ.எஸ். என்ற எழுத்துகள் தெரிந்தால் அவர் ராயல் இந்தியக் கடற்படை. அந்தப் பெயர் 1934இல் வந்தது. நீங்கள் 'பி.ஐ.' என்று சொல்வதால் அநேகமாக வணிகக் கப்பல்தான். பி.ஐ. என்பது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரஜூலா அவர்களுடைய கப்பல்தான். அதனால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பி.ஐ.யில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த மாலுமிகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பொதுப்பெயர் லஸ்கர். போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் லஸ்கர். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், ரத்தினகிரி, கோவா, பஞ்சாப் ஆட்கள்தான் பெரும்பான்மை. தமிழர்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கப்பலில் புழங்கிய சொற்களைப் பார்த்தாலே நம் கடற்கரையின் வாடை அடிக்கும். டெக்கில் வேலை செய்பவர்களுக்குத் தலைவர் சாரங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டல்; நம் தோணிகளில் சொல்கிற அதே தண்டல்தான், ஆங்கிலேயன் அதை 'டிண்டல்' என்று எழுதி வைத்தான். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. அப்புறம் சாதாரண டெக் ஆட்களான கலாசிகள். எஞ்சின் பக்கத்துக்குத் தனியாக ஒரு சாரங்கு, தனியாக ஒரு தண்டல். எண்ணெய் போடுகிறவர் தேல்வாலா, பாய்லருக்குத் தீ போடுகிறவர் ஆக்வாலா, கரி அள்ளித் தருகிறவர் கோய்லாவாலா. சமையல் பண்டாரி. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இவற்றில் ஒன்று இருக்கும். அதைப் பார்த்த உடனே அவர் வாழ்ந்த வாழ்க்கையில் பாதி தெரிந்துவிடும்.

எப்படி என்றால், எஞ்சின் ஆட்கள் நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று முறை போட்டு இறங்குவார்கள். பன்னிரண்டிலிருந்து நாலு, நாலிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு. பகலும் அப்படியே, இரவும் அப்படியே. டார்பிடோ எஞ்சின் அறைப் பக்கம் தாக்கினால் அந்த நேரத்தில் கீழே இறங்கியிருந்தவர்கள் மேலே வர வாய்ப்பே கிடையாது. அதனால்தான் 'எத்தனை மணிக்கு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். டெக் ஆளாக இருந்தால் படகில் ஏறியிருக்கக்கூடும். இரண்டும் வேறு வேறு சாவு. வீட்டுக்கு வந்த தகவலில் மட்டும் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் பணத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். அதே கப்பலில் அதே வேலை செய்த வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் லஸ்கருக்கு. 1939இல் போர் வந்ததும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் நின்ற கப்பல்களில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாகத் தயாராகப் போகிறோம், சம்பளத்தை இரட்டிப்பாக்கு என்று கேட்டார்கள். பலரைச் சிறையில் போட்டார்கள். ஆனாலும் சம்பளம் ஓரளவு ஏறியது. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த வருஷம் கப்பலில் இருந்திருந்தால் இந்தச் சண்டையை நேரில் பார்த்திருக்கவும் கூடும்.

இன்னொன்று. ஆள் எடுப்பது பெரும்பாலும் சாரங்கின் கையில் இருந்தது. அவர் தன் ஊர், தன் உறவு, பக்கத்து ஊர் என்றுதான் ஆள் சேர்ப்பார். ஆகவே ஒரு கப்பல் மூழ்கினால் ஒரே ஊரில் நாலைந்து வீடுகளில் ஒரே சமயத்தில் இழவு விழும். உங்கள் ஊரிலேயே 'அதே கப்பலில் போனவர்' என்று வேறு வீடு ஏதாவது உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த வீட்டில் கப்பல் பெயர் பிழைத்திருக்கலாம். காகிதத்தில் தேடுவதைவிட இது பல சமயம் சீக்கிரம் பலன் தரும்.

சரி, காகிதத்துக்கு வருவோம். முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். கடலில் மறைந்த பிரிட்டிஷ் வணிக மாலுமிகளுக்கு லண்டனில் டவர் ஹில் நினைவகம் இருக்கிறது. அங்கே போய்த் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. இந்திய மாலுமிகளின் பெயர்களை அங்கே பொறிக்கவில்லை. மும்பை, சிட்டகாங் நினைவகங்களின் ஏட்டில் சேர்த்தார்கள். ராயல் இந்தியக் கடற்படையினர் 400க்கு மேல், வணிக மாலுமிகள் சுமார் 6,000 பேர் அதில் இருக்கிறார்கள். மொத்தத்தில் அந்தப் போரில் இறந்த இந்திய வணிக மாலுமிகள் ஏறத்தாழ 6,600 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏட்டில் எல்லோரும் இல்லாததற்கு ஒரு காரணம், வணிக மாலுமி என்றால் போர் காரணமாக இறந்தவரை மட்டும்தான் ஆணையம் சேர்த்துக்கொள்ளும். போர்க்காலத்தில் கப்பலில் காய்ச்சல் வந்து இறந்து கடலில் இறக்கப்பட்டவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். உங்களுக்கும் அங்கே பெயர் கிடைக்காவிட்டால் இதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பட்டியலில் சில பதிவுகளில் கப்பல் பெயர், வேலை, வயதோடு நிற்காமல் 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்' என்றும் இருக்கும். ஒரு மாலுமியின் குடும்பம் அரசாங்கக் காகிதத்தில் தலைகாட்டுகிற இடம் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கண்டிப்பாகத் தெரிந்துகொண்டு தேடுங்கள். மாலுமியின் பெயர் கிடைக்காத இடத்தில் மனைவியின் பெயர் கிடைத்த கதையும் உண்டு.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. கல்கத்தாவில் வங்காளி குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதை, ஸ்காட்லாந்துக்காரன் படித்து, லண்டனில் இன்னொருவன் தட்டச்சு செய்திருப்பான். சாமி 'சாமை' ஆகும், முத்து 'மூட்டூ' ஆகும், முனியன் என்ன ஆவார் என்று சொல்ல முடியாது. அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், சில சமயம் ஊர்ப் பெயரே அவர் பெயராக நிற்கும். முழுப்பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். முதல் மூன்று எழுத்து, கூடவே மும்பை நினைவகம் என்ற வடிகட்டி, ஆண்டு. அப்படித் தேடி, வருகிற எல்லாப் பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

கப்பல் பெயர் கிடைத்த பிறகு லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக்காப்பகம். அங்கே பி.டி. 381 என்ற தொடரில் 1939 முதல் 1945 வரையான ஆள் ஒப்பந்தங்களும் கப்பல் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. கப்பலின் அதிகாரபூர்வ எண்ணை வைத்து அடுக்கியிருப்பார்கள், அதனால் முதலில் லாயிட்ஸ் பதிவேட்டிலிருந்து அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி. 389இல் கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தில் எப்போது நின்றது என்ற அட்டைகள். பிழைத்து வந்த அதிகாரிகளிடம் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள் ஏ.டி.எம். 199 தொடரில், 2130 முதல் 2148 வரையான கோப்புகளில். ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிய கப்பல் என்றால் யூபோட் டாட் நெட் தளத்தில் பாதி வேலை வீட்டிலிருந்தே முடிந்துவிடும். பி.ஐ. கம்பெனியின் காகிதங்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். லஸ்கர்கள் பற்றிய அரசுக் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில்.

வாக்குமூலங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பேசுகிறவர் கேப்டனோ சீஃப் ஆபீசரோ. வெள்ளைக்கார அதிகாரிகளைப் பெயர் சொல்லிப் பேசுவார். நம் ஆட்களை 'இருபது லஸ்கர்கள்', 'ஒரு லஸ்கர்' என்பார். அந்த 'ஒரு லஸ்கர்' உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படிக்கும்போது கோபம் வரும். அதற்காகப் பாதியில் மூடிவிடாதீர்கள். எந்தப் படகில் எத்தனை பேர், என்ன சாப்பிட்டார்கள், எத்தனையாவது நாள் என்னாயிற்று என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஒரு கப்பலைச் சொல்கிறேன். கெர்சொப்பா. கர்நாடகத்தின் ஜோக் அருவிக்கு இன்னொரு பெயர் உண்டே, அதுதான். பி.ஐ. சரக்குக் கப்பல். 1940 கடைசியில் கல்கத்தாவிலிருந்து தேயிலை, இரும்பு, வெள்ளிக் கட்டிகளோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய், ஃப்ரீடவுனில் மற்றக் கப்பல்களோடு கூட்டமாகச் சேர்ந்தது. வழியில் கெட்ட காற்று. கரி போதவில்லை என்று கூட்டத்தை விட்டுத் தனியாக அயர்லாந்தை நோக்கித் திரும்பியது. 1941 பிப்ரவரி 17 வாக்கில் யு-101 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ போட்டது. கப்பலில் 85 பேர். ஒரு படகு தப்பியது, அதில் 31 பேர். 23 பேர் இந்தியர்கள். அது வட அட்லாண்டிக், பிப்ரவரி மாதம். குடிதண்ணீர் நெருக்கடி, ஒவ்வொருவராகக் குளிரில் விறைத்துப் போனார்கள். பதின்மூன்றாவது நாள், மார்ச் 1, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் கரை தெரிந்தது. அப்போது படகில் உயிரோடு இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அவர்களில் நம் ஆட்களும் உண்டு. கரைக்கு அருகே அலை படகைக் கவிழ்த்தது. ஒரே ஒருவர் பிழைத்தார், இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ்.

இப்போது யோசியுங்கள். ஒரு லஸ்கர் பன்னிரண்டு நாள் உயிரோடு கடலில் மிதந்து, கரையைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகு இறந்திருக்கிறார். பட்டியலில் மாலுமிக்குப் பொதுவாக எழுதப்படுவது கப்பல் மூழ்கிய தேதி. அதாவது அது கப்பலின் நாள். மனிதரின் நாள் அதுவாக இருக்க வேண்டியதில்லை. பெஹார் என்ற கப்பலையும் சொல்லலாம். 1944 மார்ச் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் டோனே என்ற ஜப்பானியக் கப்பல் அதை மூழ்கடித்தது. பிழைத்தவர்களைக் கைதிகளாக ஏற்றிக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து அவர்களில் பெரும்பாலோரை டெக்கில் வைத்துக் கொன்றார்கள். அதில் இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். இதற்காகப் போருக்குப் பிறகு விசாரணை நடந்தது. திதி பார்க்கிற குடும்பத்துக்கு இந்த ஒன்பது நாள் சின்ன விஷயம் இல்லை. நீங்கள் எடுக்கும் தேதியைக் கப்பலின் கதையோடு ஒத்துப்பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிட்டி ஆஃப் பெனாரஸ் 1940 செப்டம்பர் 17 அன்று மூழ்கியது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் குழந்தைகள் இறந்த கப்பல் என்று உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. அதன் ஒரு படகு எட்டு நாள் கழித்து மீட்கப்பட்டது. அதில் இருந்த நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். மீட்பதற்கு முன்பே படகில் இருந்த குழந்தைகளின் வீடுகளுக்கு இறந்துவிட்டதாகத் தகவல் போய்விட்டது. போனவர்கள் திரும்பி வந்ததும் நடந்திருக்கிறது என்று அந்தக் காலத்துக் கடற்கரை வீடுகளுக்குத் தெரியும். உங்கள் கொள்ளுப்பாட்டியின் பிடிவாதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அஞ்சலட்டைக்கு வருகிறேன். கல்கத்தா முத்திரை என்பது நல்ல துப்பு. போர்க்காலத்தில் கப்பல் பெயரையோ போகிற இடத்தையோ எழுதக்கூடாது, தணிக்கை உண்டு. அதனால் அட்டையில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. தேதி மட்டும் பேசும். அட்டை 1940 கடைசி என்றால் ஐரோப்பா போகிற கப்பல்களைப் பார்க்கலாம். 1942 மார்ச் கடைசி என்றால் நான் நேராக ஏப்ரல் 6ஆம் தேதிக்குப் போவேன். ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்து ஒரே நாளில் சுமார் இருபது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது அன்றைக்குத்தான். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் அதே நாள். மதராஸ் பட்டணத்தைக் காலி செய்துவிட்டு மக்கள் ஓடியது அடுத்த சில நாட்களில். கல்கத்தாவிலிருந்து கிளம்பிய பி.ஐ. கப்பல்களில் மால்டா, காண்டாரா இரண்டும் அன்றைக்கு மூழ்கியவை. பிழைத்தவர்களில் சிலர் ஒரிசாக் கரையில் ஏறினார்கள்.

இனி பணம். கப்பல் மூழ்கிய அன்றோடு மாலுமியின் சம்பளக் கணக்கு முடிந்தது என்பது பழைய கப்பல் சட்டத்தின் போக்கு. வெள்ளைக்கார மாலுமிகளுக்கே இது 1941 மே மாதத்தில்தான் சரியாக மாறியது. இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன்படி கம்பெனி பணத்தை நேராக விதவையின் கையில் கொடுக்கக்கூடாது, இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர்தான் பங்கு பிரிப்பார். பெண், சிறுவர் என்றால் மொத்தமாகக் கொடுக்காமல் முதலீட்டில் போட்டுவைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இரண்டாவது, இந்திய மாலுமிகளுக்கென்றே 1941, 1942இல் வந்த போர் ஓய்வூதியத் திட்டங்கள். இதில் ஓய்வூதியம் உண்டு என்றால் முதல் வழியில் இழப்பீடு கிடையாது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

ஆகவே 'நஷ்ட ஈடு வந்ததா' என்று வீட்டில் கேட்காதீர்கள், அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். 'ஆத்தா மாசாமாசம் எங்கேயாவது போய்க் கைநாட்டு வைத்துப் பணம் வாங்குவாளா' என்று கேளுங்கள். 'ஒருதரம் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார்களா' என்று கேளுங்கள். பதில் வரும். கூடவே, கூட்டிப் போனது யார் என்பதையும் கேட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண், ஆங்கிலத்தில் வந்த கடிதம், படித்துச் சொன்ன ஒரு கொழுந்தன் அல்லது ஊர்ப் பெரியவர், பெட்டியில் போய்ச் சேராத பணம். இது பல குடும்பங்களில் கேட்டுச் சலித்த கதை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை.

கொள்ளுப்பாட்டி பொட்டை அழிக்கவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். ஏன் என்று பார்ப்போம். கடிதம் வந்தாலும் அதில் 'காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது' என்றுதான் இருக்கும். 'இறந்தார்' என்று இருக்காது. அந்தக் 'கருதப்படுகிறது'க்கு ஒரு பெண் தன் தாலியைக் கழற்ற வேண்டும் என்று யார் சொல்வது? அன்றைய சட்டத்தில் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு: ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாஸ்திரம் பார்க்கிற வீடுகளில் கணக்கு இன்னும் நீளம், பன்னிரண்டு வருஷம். அதுவரை காத்திருந்து, வராவிட்டால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதை உடலாகப் பாவித்து எரித்து, அப்புறம்தான் கருமாதி. பக்கத்துத் தெரு மரைக்காயர் வீட்டில் இதே நிலைமை என்றால் கதை வேறு. 1939இல் வந்த முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில், கணவன் இருக்கும் இடம் நாலு வருஷம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம். ஆக, ஒரே கப்பலில் போன மூன்று பேரின் மனைவிகள் மூன்று வேறு காலண்டரில் காத்திருப்பார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், கொஞ்சம் கசப்பானது. பொட்டு அழிந்தால் வீட்டில் அவள் இடம் மாறும். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்து விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள்கால உரிமை வந்திருந்தது உண்மை, காகிதத்தில் இருந்தது. கூட்டுக்குடும்பத்தில், கையில் குழந்தையோடு, இருபது வயதில், கப்பல்காரன் பெண்டாட்டியாக இருப்பதும் அறுத்தவளாக இருப்பதும் ஒன்றில்லை. அவள் நம்பிக்கையால் காத்திருந்தாளா, விவரம் தெரிந்துதான் காத்திருந்தாளா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

லண்டன் பேச்சு? கேட்காத குடும்பமே இல்லை. முழுக்கப் பொய் என்றும் தள்ள முடியாது. பிரிட்டிஷ் துறைமுகங்களில் கப்பலை விட்டு இறங்கித் தங்கிவிட்ட லஸ்கர்கள் உண்டு. லண்டன் கிழக்குப் பகுதி, கார்டிஃப், சவுத் ஷீல்ட்ஸ் ஊர்களில் மணம் முடித்து வாழ்ந்தார்கள். ஆனால் இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஆள் ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில் அவர் கப்பலை விட்டு நீங்கிய விதம் எழுதியிருக்கும். ஓடிப்போனவருக்கு ஓடிப்போனார் என்றே இருக்கும். அந்த இடத்தில் கப்பல் மூழ்கிய தேதி இருந்தால் ஊர்ப் பேச்சை அன்றோடு நிறுத்திவிடலாம். ஜெர்மன் கப்பல்கள் பிடித்துக்கொண்டு போனவர்கள் பிரேமன் பக்கம் மிலாக் நோர்ட் முகாமில் இருந்தார்கள், நம் மாலுமிகளும் அங்கே இருந்தார்கள். போர்க் கைதியான இந்திய வணிக மாலுமிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவர்களுடைய வீடுகளிலும் வருஷக்கணக்கில் 'வருவாரா மாட்டாரா' என்ற நிலைமைதான்.

தேதி கிடைத்தால் என்ன செய்வது என்று ஒரு மாதிரி சொல்கிறேன். திலாவா என்ற பி.ஐ. கப்பல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் 1942 நவம்பர் 23 விடிவதற்கு முன் ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கியது. 958 பேரில் 280 பேர் போனார்கள். அன்றைய பஞ்சாங்கத்தைப் பார்த்தால் கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டிய இரவு. அந்தக் கப்பலில் போனவருக்கு எந்தத் திதி என்று புரோகிதரிடம் கேட்கலாம், கேட்ட குடும்பங்களுக்கு அவர் சொல்லிவிடுவார். தேதியே கிடைக்காவிட்டால் மகாளய அமாவாசை. அல்லது அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளின் திதி. அந்த நாளைக் கொள்ளுப்பாட்டி யாரிடமாவது சொல்லியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் உறுத்தும். கெர்சொப்பாவின் வெள்ளியை 2012இல் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். அதோடு காற்றுப் புகாமல் கிடந்த எழுநூறுக்கு மேற்பட்ட தபால்களும் படிக்கிற நிலையில் கிடைத்து லண்டனில் காட்சிக்கு வந்தன. திலாவாவின் வெள்ளி 2017இல் வெளியே வந்தது, மொத்தம் 2,364 கட்டிகள், அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 2024இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டிகளை ஒன்று விடாமல் எண்ணி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பல்களின் ஆக்வாலாக்களுடைய பெயரை ஒழுங்காக எழுத மட்டும் யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. போகட்டும். தப்பான எழுத்துக்கூட்டலை ஆதாரத்தோடு எழுதிக் கேட்டால் கல்லறை ஆணையம் திருத்தித் தரும், அதையும் செய்யுங்கள்.

இப்போது முதல் வேலை, அந்த அஞ்சலட்டையைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முத்திரையைப் படிப்பது. கல்கத்தா என்பதற்குக் கீழே கிதிர்ப்பூர் என்று இருக்கிறதா பாருங்கள். அங்கேதான் கப்பல் துறை. மாலுமிகள் ஏறுவதற்கு முன் தங்கியதும் அந்தப் பக்கம்தான். மாதமும் வருஷமும் அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், அந்த வாரத்தில் ஹூக்ளியை விட்டுக் கிளம்பித் திரும்பி வராத பி.ஐ. கப்பல்கள் எவை என்று சேர்ந்தே பார்க்கலாம்.